14 டேப், 3 கடிகாரம்: எக்ஸ்டர்னல் டிரைவில் கேப்சர் அறுந்துகொண்டே இருந்த கதை

நண்பர் ஒருவர் அட்டைப்பெட்டி நிறைய மினிடிவி டேப் (பழைய வீடியோ கேமராவில் போடும் சின்ன கேசட்) கொண்டுவந்து வைத்தார். மொத்தம் 14, எல்லாம் 60 நிமிட டேப், பழைய குடும்ப வீடியோக்கள். "கேமராவை மாட்டி கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தா போதும், எடிட்டிங் நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு டேப்புக்கு ஒரு மணி நேரம், ஆக இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும் என்று நானும் தலையாட்டிவிட்டேன். முடிய ஐந்து வாரம் ஆனது. இடையில் பல வெவ்வேறு கோளாறு, அதில் இரண்டு ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன, அதனால்தான் இவ்வளவு நாள் இழுத்தது. எது எதனால் வந்தது, நான் எங்கே தப்பாக யோசித்தேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

என்ன வைத்து வேலை செய்தேன்

பழைய லேப்டாப் ஒன்று, விண்டோஸ் 7. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அதில் 4 பின் ஃபயர்வயர் போர்ட் இருந்ததுதான். கேமராவில் இருந்து அந்தப் போர்ட்டுக்கு ஒரு ஒயர். லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் 30 ஜிபிகூடக் காலி இல்லாததால், கேப்சர் ஆகும் (டேப்பில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஏறும்) கோப்புகள் யுஎஸ்பி 2.0 வழியாக 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிரைவுக்குப் போகும்படி எடிட்டிங் மென்பொருளில் ஸ்கிராட்ச் டிஸ்க்கை, அதாவது கோப்புகள் போய்ச் சேரும் இடத்தை, மாற்றி வைத்தேன். சின்ன அளவு, 2.5 அங்குல டிரைவ், தனி பவர் அடாப்டர் கிடையாது, யுஎஸ்பி ஒயரிலேயே மின்சாரம்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புரியாவிட்டால் மற்றதெல்லாம் குழப்பம்தான். இங்கே டிவி என்றால் தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ என்ற ஃபார்மட். டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். கேப்சர் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நகல் எடுப்புதான், கம்ப்யூட்டர் எதையும் சுருக்குவதில்லை, மாற்றுவதில்லை. பிஏஎல் என்ற நம்மூர் வீடியோ முறையில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம், 1,44,000 பைட், விநாடிக்கு 25 ஃபிரேம், ஆக விநாடிக்கு 36 லட்சம் பைட், அதாவது 3.6 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. யுஎஸ்பி 2.0 டிரைவ் நடைமுறையில் விநாடிக்கு ஏறக்குறைய 30 எம்பி எழுதும். தேவையைப்போல் எட்டு மடங்கு. அப்புறம் ஏன் கேப்சரில் நடுநடுவே ஃபிரேம் விடுபட வேண்டும்?

ஏனென்றால் டேப் காத்திருக்காது. கேமராவில் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஃபயர்வயர் விநாடிக்கு 8,000 முறை ஒரு பொட்டலத்துக்கான இடத்தை அந்த வீடியோவுக்கு ஒதுக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வந்து சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கமோ, தவறினால் மறுபடி அனுப்பும் வழக்கமோ இந்த வகைப் பரிமாற்றத்தில் கிடையாது. டிரைவுக்குப் போகும் யுஎஸ்பி பரிமாற்றம் இதற்கு நேர் எதிர்: இடம் கிடைக்கும்போது போகும், பிழை வந்தால் மறுபடி முயலும், எத்தனை நேரம் ஆனாலும் பரவாயில்லை, தகவல் மட்டும் கெடக்கூடாது. ஒரு பக்கம் நிற்காத ஆள், இன்னொரு பக்கம் அவசரமே இல்லாத ஆள், நடுவில் கேப்சர் மென்பொருள் ஒரு சின்ன பஃபரை (தற்காலிக நினைவிடத்தை) வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் சமாளிக்கிறது. டிரைவ் இரண்டு விநாடி மூச்சு வாங்கினால் 7 எம்பிக்கு மேல் தேங்கிவிடும். பஃபர் நிரம்பியதும் ஃபிரேம் விழும். அதனால் சராசரி வேகம் எவ்வளவு என்பது இங்கே பெரிய கேள்வியே இல்லை, டிரைவ் எப்போதாவது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இது எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது.

முதல் நிறுத்தம்: 18 நிமிடம் 52 விநாடி

முதல் டேப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, டீ போட்டுவிட்டு வந்து பார்த்தால் கேப்சர் நின்றிருந்தது. 18 நிமிடம் 52 விநாடி. டேப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்த டேப்பைப் போட்டேன். அதுவும் 18:52. இரண்டு வெவ்வேறு டேப் ஒரே விநாடியில் நின்றால் டேப்மீது பழி போட முடியாது. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன் (வீண் வேலை, ஆனால் எல்லாரும் முதலில் செய்வது இதைத்தானே). மூன்றாவது டேப் 19 நிமிடம் 11 விநாடியில் நின்றது. இங்கேதான் கொஞ்சம் தடுமாறினேன், 18:52 என்பது மாறாத கணக்கு என்று முடிவு கட்டியிருந்த நேரத்தில் 19 விநாடி கூடுதலாக ஓடிவிட்டது.

கோப்புகளின் அளவைப் பார்த்ததும் தெளிந்தது. மூன்றுமே 3.99 ஜிபி. டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தது, அந்தக் காலத்து எக்ஸ்டர்னல் டிரைவ்கள் பல எல்லாக் கம்ப்யூட்டரிலும் வேலை செய்யட்டும் என்று அப்படித்தான் வரும். ஃபேட்32-இல் ஒரு கோப்பின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் மட்டுமே இடம், அதனால் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக, 4,29,49,67,295 பைட்டோடு கோப்பு முடிந்தாக வேண்டும். சில மென்பொருள்கள் அந்த இடத்தில் தானாக அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும், நான் பயன்படுத்தியது அப்படிச் செய்யவில்லை, பிழைச் செய்தியும் உருப்படியாகக் காட்டவில்லை.

ஆனால் விநாடிக்கு 3.6 எம்பி என்று வகுத்தால் 19 நிமிடம் 53 விநாடி வரவேண்டும். ஒரு நிமிடம் எங்கே போனது? அதற்குக் காரணம் ஏவிஐ கோப்பில் இருக்கும் இரண்டு வகை. முதல் வகையில் டிவி ஓடை வந்தபடியே அப்படியே இருக்கும். இரண்டாம் வகையில், அந்த ஓடைக்குள் ஏற்கெனவே ஒலி இருந்தாலும், அதே ஒலியைத் தனியாக இன்னொரு முறையும் எழுதி வைப்பார்கள். என் மென்பொருள் இரண்டாம் வகை. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒலி விநாடிக்கு 1,92,000 பைட். அதையும் கூட்டி வகுத்தால் சரியாக 18:52. மூன்றாவது டேப்பில் கேமரா 12 பிட் ஒலியில், அதாவது 32 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்திருந்தது, அதனால் ஒலி கொஞ்சம் இளைத்து, கோப்பு நிரம்ப 19 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. இந்தக் கணக்கு ஒத்துப்போனபோது வந்த சந்தோஷம் 14 டேப்பும் முடிந்தபோதுகூட வரவில்லை, நிஜமாகவே.

தீர்வு எளிது. டிரைவில் இருந்ததை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு என்டிஎஃப்எஸ் முறையில் புதிதாக ஃபார்மட் செய்தேன். விண்டோஸில் உள்ள கன்வெர்ட் கட்டளை தரவை அழிக்காமலேயே மாற்றித் தரும், ஆனால் பாதியில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற பயத்தோடு உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் மாறி மாறி எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் போதும், அதிலும் இந்த 4 ஜிபி வரம்பு இல்லை. உங்கள் கேப்சர் 4 ஜிபியில் நிற்காமல் 2 ஜிபியில், ஏறத்தாழ ஒன்பதரை நிமிடத்தில் நின்றால் அது டிரைவின் குற்றம் இல்லை, பழைய ஏவிஐ கோப்பு முறையின் வரம்பு. 1996-இல் வந்த ஓப்பன்டிஎம்எல் என்ற நீட்சி அதை உடைத்துவிட்டது, இருந்தாலும் அதற்கு முந்தைய முறையில் எழுதும் சில பழைய கருவிகள் இன்னும் புழக்கத்தில் உண்டு.

நடுவில் ஒரு அசட்டுத் தவறு

மறுநாள் காலை கேப்சர் 25 நிமிடம் தாண்டியது, நிம்மதி. 30-ஐத் தாண்டியது. பிறகு லேப்டாப்பே ஊர ஆரம்பித்தது, சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை. முந்தைய இரவு ஒரு பென் டிரைவைச் செருகி வைத்திருந்தேன், மறுபடி இயக்கியபோது ஈ என்ற எழுத்தை அது எடுத்துக்கொண்டது, எக்ஸ்டர்னல் டிரைவ் எஃப் ஆகிவிட்டது. ஸ்கிராட்ச் டிஸ்க்குக்கு நான் கொடுத்திருந்த பாதை ஈ டிரைவில் இருந்தது. அந்த ஃபோல்டர் காணவில்லை என்றதும் மென்பொருள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சி டிரைவில் உள்ள தன் வழக்கமான இடத்துக்கு மாறிக்கொண்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் எக்ஸ்டர்னல் டிரைவுக்கு வி என்ற எழுத்தைக் கொடுத்தேன், அந்த மாதிரிக் கடைசி எழுத்துக்குப் போட்டி வராது. இந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது, இனி இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

விழும் ஃபிரேம்கள்

உண்மையான தலைவலி அடுத்துத்தான். கேப்சர் முழு மணி நேரமும் ஓடியது, ஆனால் முடிவில் "7 ஃபிரேம் விடுபட்டது", "22 ஃபிரேம் விடுபட்டது" என்று அறிக்கை. சில சமயம் பாதியிலேயே நின்றும் போனது, ஏனென்றால் ஃபிரேம் விடுபட்டால் கேப்சரை நிறுத்து என்ற ஆப்ஷன் ஆன் ஆகியிருந்தது. கோளாறு தேடும்போது அதை ஆஃப் செய்துவிடுங்கள், விடுபட்டால் அறிக்கை தா என்பதை மட்டும் ஆன் செய்து வையுங்கள். நின்றுபோன கேப்சரில் இருந்து ஒரு தடயம்தான் கிடைக்கும், முழுக்க ஓடிய கேப்சரில் பத்து கிடைக்கும்.

இந்த இடத்தில் பலரும் சொன்ன அறிவுரை, கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்) பேக்கை மாற்று, ரேம் கூட்டு. மேலே சொன்னேனே, டிவி கேப்சர் வெறும் நகல் எடுப்பு, அதில் கோடெக்குக்கு வேலையே இல்லை. திரையில் தெரியும் முன்னோட்டப் படத்தை விரித்துக் காட்ட மட்டும் கோடெக் தேவை, அந்த முன்னோட்டத்தை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன், ஃபிரேம் அப்போதும் விழுந்தது. அத்தோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

டிரைவின் வேகத்தை ஒரு சோதனை மென்பொருளில் அளந்தேன். எழுதும் வேகம் விநாடிக்கு 31 எம்பி. பிரமாதம். அதை நம்பி இரண்டு நாள் டிரைவ் பக்கமே திரும்பவில்லை, அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அந்தச் சோதனை சில விநாடிகள் ஓடி ஒரு சராசரியைச் சொல்கிறது, ஒரு மணி நேரத்தில் நான்கு முறை இரண்டு விநாடி நிற்கும் டிரைவும் அதில் முதல் மதிப்பெண் வாங்கிவிடும்.

பிறகு ஆன்டிவைரஸை அணைத்துப் பார்த்தேன். 22 இருந்தது 5 ஆனது. ஆகா, பிடித்துவிட்டோம் என்று நண்பருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன். அடுத்த டேப்பில் 9. அதற்கடுத்ததில் 14. ஆன்டிவைரஸ் காரணமா, இல்லையா? அணைத்தால் குறைகிறது, ஆனால் போகவில்லை. இந்த மாதிரிப் பாதி விடை ஒரு விடையும் கிடைக்காததைவிட மோசம், நாள் முழுக்க ஆன்டிவைரஸ் அமைப்புகளையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று கடிகாரம்

அன்றிரவு ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி கோடு போட்டேன். ஃபிரேம் விழும் ஒவ்வொரு முறையும் மூன்று நேரங்களை எழுத வேண்டும். ஒன்று, டேப்பின் நேரம், அதாவது டைம்கோடு. இரண்டு, கேப்சர் தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது. மூன்று, சுவரில் மாட்டியிருக்கும் சாதாரணக் கடிகாரத்தில் மணி என்ன. அதே டேப்பை மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் வெவ்வேறு இடத்தில் இருந்து, வெவ்வேறு நேரத்தில் தொடங்கி.

யோசித்துப் பாருங்கள், கோளாறு எந்தக் கடிகாரத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதே அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே டைம்கோடில் விழுந்தால் அது டேப்பில் அல்லது கேமராவின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பாகத்தில்) இருக்கிறது. எங்கிருந்து தொடங்கினாலும் தொடங்கிய அதே அளவு நேரம் கழித்து விழுந்தால் ஏதோ ஒன்று நிரம்புகிறது: கோப்பு, டிஸ்க், நினைவகம். முதல் நிறுத்தம் அப்படிப்பட்டதுதான், அதைத் தெரியாமலேயே இந்த முறையில்தான் பிடித்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தோடு ஒட்டினால் கம்ப்யூட்டருக்குள் யாரோ நேரம் குறித்துக்கொண்டு எழுந்து வேலை பார்க்கிறார்கள். மூன்றோடும் ஒட்டாமல் தாறுமாறாக வந்தால் ஒயர், இணைப்பு, மின்சாரம்.

மூன்று ஓட்டத்தில் மொத்தம் 19 இடம் கிடைத்தது. டைம்கோடு எதுவும் பொருந்தவில்லை, டேப் தப்பித்தது. தொடங்கிய நேரமும் பொருந்தவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மட்டும் ஒரு கொத்து: காலை 11 மணியில் இருந்து 11:20 வரை நெருக்கமாக 8 இடம். ஆன்டிவைரஸின் அட்டவணையைத் திறந்தால் தினமும் 11 மணிக்கு முழு ஸ்கேன், அதுவும் எக்ஸ்டர்னல் டிரைவையும் சேர்த்து. டிஸ்க்கின் ஹெட் கேப்சர் கோப்பை எழுதும் இடத்துக்கும் பழைய கோப்புகளைப் படிக்கும் இடத்துக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. ஆக ஆன்டிவைரஸ் குற்றவாளிதான், ஆனால் தன் பங்குக்கு மட்டும். மீதி 11 இடம் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடந்தது. இரண்டு கோளாறு கலந்திருந்ததால்தான் அணைத்தால் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ஸ்கேனை இரவு 2 மணிக்கு மாற்றினேன், கேப்சர் ஃபோல்டரை ஸ்கேனில் இருந்து விலக்கி வைத்தேன்.

சிதறிய 11 இடத்துக்கும் சுவர்க் கடிகார நேரம் கையில் இருந்தது, அது பெரிய உதவி. விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில் அந்தந்த நிமிடத்தைத் தேடினேன். 11-இல் 9 இடத்தில் டிஸ்க் என்ற பெயரில் எண் 51 எச்சரிக்கை, டிரைவோடு தகவல் பரிமாறும்போது பிழை வந்தது என்று. டிரைவே சாகப்போகிறதோ என்று வயிற்றைக் கலக்கியது. டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் படித்துப் பார்த்தேன், மாற்றப்பட்ட செக்டர் பூஜ்யம், காத்திருக்கும் செக்டர் பூஜ்யம். டிஸ்க் ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

அப்படியானால் நடுவில் இருப்பது ஒயர். மேசையில் கேமராவும் லேப்டாப்பும் இடத்தை அடைத்துக்கொண்டதால் டிரைவைக் கீழ்த் தட்டில் வைத்து, டிரைவோடு வந்த ஒயரோடு ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரையும் சேர்த்து இழுத்திருந்தேன். யுஎஸ்பி 2.0 போர்ட் அதிகபட்சம் 500 மில்லியாம்பியர் தர வேண்டும் என்பது விதி, இந்த 2.5 அங்குல டிரைவ்கள் சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். மெல்லிய, நீளமான ஒயரில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், நடுவில் ஒரு தளர்ந்த இணைப்பு வேறு. டிரைவ் ஒரு நொடி தடுமாறும், யுஎஸ்பி மறுபடி முயலும், கோப்பு கெடாது, சாதாரணமாகக் கோப்பு நகல் எடுக்கும்போது யாரும் கவனிக்கவே மாட்டார்கள். கேப்சரில் மட்டும் ஃபிரேம் விழும். காதை வைத்துக் கேட்டால் "டிக்" என்று ஒரு சத்தமும் வந்தது, அதை முதல் வாரமே கேட்டிருந்தேன், பழைய டிரைவ் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

அரை மீட்டர் ஒயர் ஒன்றை நேராக லேப்டாப்பில் செருகினேன். ஒரு டேப், பூஜ்யம். இரண்டாவது டேப், பூஜ்யம். இந்தத் தடவை அவசரப்பட்டு யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. பழைய நீள ஒயரை மறுபடி மாட்டினேன், 25 நிமிடத்தில் 3 ஃபிரேம் போனது. திரும்பக் குட்டை ஒயர், மறுபடி பூஜ்யம். இப்படி முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்து, கோளாறு போய், வந்து, போனால்தான் காரணத்தைக் கண்டுபிடித்ததாகக் கணக்கு. ஒரு முறை சரியாக ஓடியதை வைத்துச் சொல்வதெல்லாம் ஜோசியம்.

முதல் கிளிப்பின் தலை மட்டும் காணவில்லை

கொஞ்சம் தைரியம் வந்ததும் பேட்ச் கேப்சர் செய்யலாம் என்று தோன்றியது. டேப்பை ஓட்டி ஓட்டிப் பார்த்து, வேண்டிய பகுதிகளின் தொடக்கமும் முடிவும் குறித்துவைத்துவிட்டு, ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வது. எல்லாக் கிளிப்பும் நன்றாக வந்தது, முதல் கிளிப்பைத் தவிர. முதல் கிளிப்பில் மட்டும் தொடக்கத்தில் ஒன்றிரண்டு விநாடி இல்லை, சில சமயம் அந்தக் கிளிப்பே தோல்வி.

நோட்டில் மூன்று கடிகாரமும் உதவவில்லை. ஆனால் நான்காவதாக ஒன்று இருந்தது: டிரைவ் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறது. பகுதிகளைக் குறித்துவைக்க கால் மணி நேரம் ஆகும், அதுவரை டிரைவில் ஒரு எழுத்துகூட எழுதப்படாது, அது தூங்கிவிடும். கேப்சர் தொடங்கும்போது கேமரா குறித்த இடத்துக்கு 5 விநாடி முன்னால் இருந்து ஓடி வரும், ப்ரீரோல் என்பது அதுதான். தூங்கிய டிஸ்க் எழுந்து முழு வேகத்தில் சுற்ற அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷனில் டிஸ்க்கை அணைக்காதே, யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவிடாதே என்று இரண்டையும் மாற்றினேன், பலன் இல்லை. தூங்க வைப்பது விண்டோஸ் இல்லை, டிரைவின் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டே 10 நிமிடம் சும்மா இருந்தால் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை அந்த டிரைவில் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் நேரத்தை எழுதும் இரண்டு வரி பேட்ச் கோப்பு ஒன்று எழுதி ஓடவிட்டேன். தூக்கம் போய்விட்டது. ப்ரீரோலையும் 5-இல் இருந்து 10 ஆக்கினேன், தேவைப்பட்டதா தெரியாது, இருக்கட்டும் என்று.

ஒன்பதாவது டேப்

இவ்வளவும் சரிசெய்த பிறகு 9-ஆவது டேப்பில் மறுபடி ஃபிரேம் போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நோட்டில் எழுதிய மறுநிமிடமே தெரிந்துவிட்டது: 23 நிமிடம் 14 விநாடி, மூன்று ஓட்டத்திலும் அதே டைம்கோடு. சுவரில் மணி வேறு, தொடங்கிய இடம் வேறு. டிரைவ் இந்த முறை நிரபராதி, ஒயரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தாலே அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. உலர் கிளீனிங் கேசட்டை 10 விநாடி ஓட்டினேன், அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் தேய்ந்துபோகும். கொஞ்சம் தேறியது. பிறகு நண்பரிடம் அந்த டேப்பை முதலில் பதிவு செய்த கேமரா இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது, வேலையும் செய்தது. அந்த டேப் எல்பி முறையில் பதிவானது, 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் அடைக்க டிராக்கின் அகலத்தை 10 மைக்ரானில் இருந்து 6.7 மைக்ரானாகக் குறைத்து எழுதுவார்கள். அவ்வளவு மெல்லிய கோட்டை வேறு கேமராவின் ஹெட் பிசகாமல் பிடிப்பது கஷ்டம், எழுதிய கேமராவே படித்தால் சுலபம். அதில் போட்டதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது.

12-ஆவது டேப்பில் நடுவில் டைம்கோடு திடீரென்று பூஜ்யத்துக்குப் போனது. பதிவு செய்தவர் நடுவில் ஓட்டிப் பார்த்துவிட்டு கொஞ்சம் வெற்று இடம் விட்டுத் தொடர்ந்திருப்பார், கேமரா எண்ணிக்கையை முதலில் இருந்து ஆரம்பித்துவிடும். மென்பொருளுக்கு ஒரே டேப்பில் இரண்டு 5-ஆவது நிமிடம் என்பது புரியாது. கேமராவைக் கட்டுப்படுத்தும் வசதியை அணைத்துவிட்டு, கையாலேயே ப்ளே அழுத்தி இரண்டு துண்டாக எடுத்தேன்.

கேமராவையும் எக்ஸ்டர்னல் டிரைவையும் இரண்டுமே ஃபயர்வயரில் மாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் இரண்டு போர்ட் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே கன்ட்ரோலர்தான், பல கேமராக்கள் 100 மெகாபிட் வேகத்துக்கு மேல் பேசாது, டிரைவை அதன் வழியாகச் சங்கிலியாக மாட்டினால் டிரைவும் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். ஒன்றை யுஎஸ்பிக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

டேப் இல்லாதவர்களுக்கும்

எச்டிஎம்ஐ கேப்சர் கார்டில் இருந்து எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டிக்கு எடுப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எண்கள்தான் மாறுகின்றன. சுருக்காத 10 பிட் 1080 வீடியோ, 25 ஃபிரேம் என்றால் விநாடிக்கு 138 எம்பி, அதே படம் ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற சுருக்கும் ஃபார்மட்டில் 23 எம்பி. அங்கே அடிக்கடி பார்க்கும் கோளாறு டிரைவ் தெரியாமலேயே யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடுவது. டைப் சி ஒயர்களில் பல போனுக்குச் சார்ஜ் போட மட்டும் செய்தவை, உள்ளே யுஎஸ்பி 2.0 கம்பிகள்தான் இருக்கும். அகலமான மைக்ரோ பி செருகி முழுதாக உள்ளே போகாமல் இருந்தாலும் அப்படியே, டிரைவ் வேலை செய்யும், ஆனால் 30 எம்பியைத் தாண்டிப் பெரிதாகப் போகாது.

இன்னொன்று, தொடங்கிச் சில நிமிடம் பறந்துவிட்டுப் பிறகு திடீரென்று படுத்துக்கொள்ளும் டிரைவ்கள். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் முதலில் ஒரு வேகமான கேஷ் பகுதியில் எழுதி, அது நிரம்பியதும் பல மடங்கு மெதுவாகிவிடும். டிராக்குகளை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்குகளிலும் இதே கதை. இதுவும் இரண்டாவது கடிகாரத்தோடு ஒட்டுவது, எப்போது தொடங்கினாலும் ஏறக்குறைய அதே அளவு எழுதிய பிறகு விழும். சில விநாடி வேகச் சோதனை இதைக் காட்டாது, 50 ஜிபி அளவுக்கு ஒரே மூச்சில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். கேப்சர் கார்டையும் டிரைவையும் ஒரே ஹப்பில் மாட்டினால் இரண்டும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன, அதை முதலில் பிரித்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

கடைசி நிலவரம்: 14 டேப்பும் ஏறிவிட்டது. எல்லாம் சேர்த்து 190 ஜிபிக்குக் கொஞ்சம் அதிகம், இன்னொரு டிரைவிலும் ஒரு நகல் இருக்கிறது. 9-ஆவது டேப்பில் 11 ஃபிரேம் மட்டும் இன்னமும் கட்டமாகவே இருக்கிறது, நண்பர் அந்த இடத்தில் வேறு ஷாட்டை வைத்து மூடிவிட்டார். அந்த நீள எக்ஸ்டென்ஷன் ஒயரை இப்போது யுஎஸ்பி மேசை விளக்குக்கு மாட்டியிருக்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை.